அகன்ற ஆற்றைக் கடக்கும் உயர் மின்தடம்: கணக்கு முதல் கம்பி இழுப்பு வரை

சமவெளியில் 350, 400 மீட்டர் ஸ்பானில் (இரு டவர்களுக்கு இடைப்பட்ட தூரம்) லைன் வடிவமைத்துப் பழகி, முதன்முறையாக ஓர் ஆற்றுக் கடப்பு கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, ‘டவர் எத்தனை மீட்டர்?’ என்பதுதான். அது கடைசியில் வரவேண்டிய விடை. நீர்மட்டம், கப்பல், கண்டக்டர் (மின்சாரம் செல்லும் கம்பி), தொய்வு (கம்பி நடுவில் தொங்கி இறங்கும் அளவு) என்ற வரிசையில் போனால் டவர் உயரம் தானாக வந்து நிற்கும். டவரை முதலில் முடிவு செய்துவிட்டுக் கம்பியை அதற்குள் அடக்கப் பார்த்தால், பாதி வழியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட வேண்டியிருக்கும்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ஸ்பான் 1,500 மீட்டர். கண்டக்டரின் எடை மீட்டருக்கு 1.5 கிலோ, அதாவது 14.7 நியூட்டன். விட்டம் 30 மில்லிமீட்டர். அன்றாட வெப்பநிலையில் கிடை இழுவிசை 40 கிலோநியூட்டன். இரண்டு கரையிலும் கம்பி தொங்கும் புள்ளிகள் ஒரே மட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

1. கணக்கைத் திறக்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆற்றின் வெள்ள மட்டப் பதிவுகள், ஆற்றுப்படுகையின் ஆழ அளவீடு, கரை இரண்டிலும் போர் போட்டு எடுத்த மண் விவரம், காற்று, வெப்பநிலை, பனி படியும் இடமானால் அதன் தடிமன். இவை எல்லோரும் கேட்டு வாங்குபவைதான்.

பலர் விட்டுவிடுபவை மூன்று. முதலாவது, அந்த நீர்வழியில் போகும் மிக உயரமான கப்பலின் உயரம். நீர்வழி நிர்வாகத்திடமிருந்து இது எழுத்தில் வர வேண்டும், எந்த நீர்மட்டம் வரை கப்பல் ஓடும் என்ற விவரத்தோடு. இரண்டாவது, கடந்த சில பத்தாண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள். ஆறு எங்கே நகர்கிறது என்பதை ஒரே ஒரு சர்வே காட்டாது. மூன்றாவது, கண்டக்டர் தயாரிப்பாளரிடமிருந்து இரண்டு தகவல்கள்: ஒரே டிரம்மில் இணைப்பில்லாமல் எத்தனை மீட்டர் தர முடியும், கம்பி ஆண்டுக்கணக்கில் எவ்வளவு நிரந்தரமாக நீளும். இந்த இரண்டும் தெரியாமல் போட்ட கணக்கு தோராயம் மட்டுமே.

2. கடக்கும் இடம்

வரைபடத்தில் ஆறு மிகக் குறுகலாகத் தெரியும் இடத்தில் கோடு போடுவது எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. ஆனால் ஆறு குறுகும் இடத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடும், கரையை அறுக்கும். வளைவின் வெளிக்கரை இன்னும் மோசம். 200 மீட்டர் கூடுதல் ஸ்பான் ஆனாலும் பரவாயில்லை, நேராக ஓடும், கரை உறுதியான பகுதியைத் தேடுங்கள்.

கரையில் மேடு இருந்தால் அதை விடாதீர்கள். கிரீன்லாந்தின் அமெராலிக் ஃபியோர்டைக் கடக்கும் லைனின் ஸ்பான் 5,376 மீட்டர். இருபுறமும் மலை இருப்பதால் அங்கே வானுயர டவர் தேவைப்படவில்லை. மேடில்லாத சீனத்தின் ஜியாங்யின்னில் யாங்சி ஆற்றைக் கடக்க 2,303 மீட்டர் ஸ்பானுக்கு 346.5 மீட்டர் உயரத்தில் இரண்டு டவர் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆற்றின் நடுவே ஒரு டவர் வைக்கலாமா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். தொய்வு ஸ்பானின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நம் உதாரணத்தில் ஸ்பானைப் பாதியாக்கினால், 5-ஆம் பகுதியில் கணக்கிடப்போகும் 104 மீட்டர் தொய்வு 26 மீட்டராகிவிடும், அதாவது 78 மீட்டர் உயரம் மிச்சம். கேட்க இனிக்கும். ஆனால் அந்த நடு டவருக்கு ஆற்றுக்குள் அஸ்திவாரம், கப்பல் மோதாமல் தடுப்பு, அரிப்புக்குக் காப்பு, ஆயுள் முழுக்கப் படகில் போய்ப் பராமரிப்பு எல்லாம் வேண்டும். கப்பல் போக்குவரத்துள்ள ஆற்றில் நான் கரைக்குக் கரை ஒரே தாவலையே முதலில் பார்ப்பேன். பல கிலோமீட்டர் அகலமுள்ள, ஆழமில்லாத ஆறானால் வேறு வழியில்லை, நடுவே டவர் வந்தே தீரும்.

3. நீரிலிருந்து மேலே எண்ணுங்கள்

கீழிருந்து இப்படிக் கூட்டுகிறோம்: நீர்மட்டம், அதன்மேல் கப்பல் உச்சி, அதன்மேல் மின்னழுத்தத்துக்கான பாதுகாப்பு இடைவெளியும் சிறு உபரியும், அதன்மேல் கம்பியின் அதிகபட்சத் தொய்வு. வருவது டவரில் மிகக் கீழ்க் கம்பி தொங்கும் உயரம்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, நூறாண்டு வெள்ள மட்டத்தின்மேல் மிக உயரமான கப்பலை நிறுத்துவது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் கப்பலே ஓடாது. அதனால் இரண்டு தனிச் சோதனைகள் வேண்டும்: கப்பல் ஓடும் உச்ச நீர்மட்டத்தில் கப்பலோடு ஒன்று, உச்ச வெள்ள மட்டத்தில் கப்பல் இல்லாமல் இன்னொன்று. எது உயரமோ அதுவே கணக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பல மீட்டர் வீணாக ஏறும், இந்த உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் டன் கணக்கில் எஃகு போகும்.

மற்றது அதைவிட ஆபத்தானது. கப்பல் வரைபடத்தின் சுழிய மட்டமும் நிலச் சர்வேயின் சுழிய மட்டமும் ஒன்றல்ல. கப்பல் வரைபடம் பெரும்பாலும் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கும். நிலச் சர்வே சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கும். ஓதம் ஏறும் முகத்துவாரத்தில் இரண்டுக்கும் சில மீட்டர் வித்தியாசம் இருக்கலாம். வரைபடத்தில் ஒவ்வொரு மட்டத்துக்குப் பக்கத்திலும் அது எந்தச் சுழியத்திலிருந்து வந்தது என்று எழுதாதவர் கணக்கை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

4. கண்டக்டர்

சாதாரண லைனில் எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதே கண்டக்டரை முடிவு செய்யும். இங்கே அதன் வலிமைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் முடிவு செய்கிறது. அதனால் லைனின் மற்றப் பகுதியில் ஓடும் அதே ஏ.சி.எஸ்.ஆர் (எஃகு உள்ளீட்டின்மேல் அலுமினிய இழைகள் சுற்றிய கம்பி) பெரும்பாலும் ஆற்றுக்கு ஒத்துவராது. எஃகுப் பங்கு கூடிய ஏ.சி.எஸ்.ஆர், எஃகு உள்ளீட்டின்மேல் அலுமினிய உலோகக்கலவை இழைகள் சுற்றியது, கார்பன் இழைக் கூட்டுப்பொருள் உள்ளீடு கொண்டது என்று தேர்வுகள் உண்டு.

காற்றுச் சோதனையைக் கண்டக்டரை முடிவு செய்யும்போதே போட்டுவிடுங்கள். சதுர மீட்டருக்கு 1,000 நியூட்டன் காற்றழுத்தம் என்றால், 30 மில்லிமீட்டர் கம்பியில் மீட்டருக்கு 30 நியூட்டன் பக்கவாட்டில் தள்ளும். எடை 14.7. இரண்டையும் திசையோடு கூட்டினால் 33 நியூட்டனுக்கு மேல், அன்றாடச் சுமையைவிட இரண்டேகால் மடங்கு. குறுகிய ஸ்பானில் சுமை கூடும்போது கம்பி கொஞ்சம் நீண்டு தொய்வு கூடி, இழுவிசை அந்த அளவுக்கு ஏறாமல் தப்பும். 1,500 மீட்டரில் அந்தச் சலுகை கிடையாது. இழுவிசையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறி 90 கிலோநியூட்டனை நெருங்கும். கம்பியின் முறிவு வலிமையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஆற்றின் மேல் கம்பியில் நடு இணைப்பு போடக்கூடாது. இணைப்பு கெட்டால் போய்ப் பார்க்கவும் முடியாது, கீழே கப்பல் போகிறது. ஆகவே ஆங்கர் டவரிலிருந்து (கம்பியின் முனையைக் கட்டி இழுவிசையைத் தாங்கும் டவர்) எதிர்க்கரை ஆங்கர் டவர் வரை ஒரே நீளம் வேண்டும். டிரம் நீளத்தை முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பக்க ஸ்பான்களையும் (கரையோர உயர டவருக்கும் ஆங்கர் டவருக்கும் இடைப்பட்டவை) சேர்த்து 2,500 மீட்டர் என்றால் கம்பி மட்டும் 3.75 டன். அந்த டிரம்மை ஏற்றிக்கொண்டு லாரி கரைக்கு வர வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

5. தொய்வு

பரவளையக் கணக்கு எளிது: எடை × ஸ்பான் × ஸ்பான் ÷ (8 × கிடை இழுவிசை). நம் எண்களைப் போட்டால் 103.4 மீட்டர். தொங்குசங்கிலி வளைவின் சரியான சமன்பாட்டில் போட்டால் 104.0 மீட்டர். 400 மீட்டர் ஸ்பானில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான், அதனால்தான் பலர் பரவளையத்தோடே காலம் தள்ளிவிடுகிறார்கள். இங்கே அது 60 சென்டிமீட்டர், அதுவும் ஆபத்தான பக்கத்தில். கரைகளின் மட்டம் வேறுபட்டால் கம்பியின் தாழ்ந்த புள்ளி நடு ஆற்றில் இராது, தாழ்ந்த கரைப் பக்கம் நகரும். கப்பல் கால்வாய் எங்கே ஓடுகிறதோ அங்கே இடைவெளியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். 50 டிகிரி சூடேறினால் 400 மீட்டர் ஸ்பானில் தொய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். 1,500 மீட்டரில் 104 என்பது சுமார் 108 ஆகும், அவ்வளவுதான். இதைப் பார்த்து வெப்பம் பெரிய விஷயமில்லை என்று நினைக்க வேண்டாம், 4 மீட்டர் 4 மீட்டர்தான். ஆனால் இந்த ஸ்பானில் இழுவிசைத் தவறு வெப்பத்துக்குச் சமமாகக் கடிக்கும் என்பதை மனதில் வையுங்கள். இழுவிசை 2 சதவீதம் குறைந்தால் தொய்வு 2 மீட்டருக்கு மேல் இறங்கும். இழுவிசை அளக்கும் டைனமோமீட்டரை மட்டும் நம்பிக் கம்பியை ஏற்ற முடியாது என்பது இங்கிருந்தே தெரிகிறது.

நிரந்தர நீட்சியும் உண்டு. கம்பி 0.05 சதவீதம் நீண்டால், 1,500 மீட்டரில் 75 சென்டிமீட்டர். அது தொய்வில் ஏறத்தாழ 2 மீட்டராகக் காட்டும்.

இப்போது கூட்டுங்கள். கப்பல் 40, பாதுகாப்பு இடைவெளியும் உபரியும் 8, சூடான தொய்வு 108, நீட்சி 2. மொத்தம், நீர்மட்டத்துக்கு மேல் 158 மீட்டர். இது மிகக் கீழ்க் கம்பியின் உயரம் மட்டுமே. டவரில் இரண்டு சர்க்யூட் (மும்மூன்று கம்பி) இருந்து, அவற்றைச் செங்குத்தாக அடுக்கினால் மற்றக் கிராஸ் ஆர்ம்களும் (கம்பியைத் தாங்கும் குறுக்குக் கைகள்) எர்த் வயர் (மின்னல் காப்புக் கம்பி) உச்சியும் இதற்கு மேலே வரும். உயரம் இப்படி ஏறும்போது கம்பிகளைக் கிடையாகப் பரப்பி வைப்பது லாபமா என்று பார்ப்பது நல்லது.

விமானங்களுக்கான எச்சரிக்கைக் கோளங்களின் எடையும், அவற்றில் மோதும் காற்றும் இந்தக் கணக்குக்குள் வந்தாக வேண்டும். எல்லாம் முடிந்து கம்பி ஏறிய பிறகு விமானத் துறை கோளம் கேட்கிறது என்று ஓடிவருவது வாடிக்கை.

6. டவர்களின் வரிசை

நிலைத்து நிற்கும் ஏற்பாடு இது: கரையோரத்தில் இரண்டு உயரமான சஸ்பென்ஷன் டவர், அவற்றுக்குப் பின்னால் கரை உள்ளே இரண்டு குட்டையான ஆங்கர் டவர். உயரமான டவரில் கம்பி கட்டப்படுவதில்லை, இன்சுலேட்டரில் தொங்குகிறது. காரணம் எளிது. 158 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பியின் 40 கிலோநியூட்டன் ஒருபக்கமாக இழுத்தால், அடியில் 6,300 கிலோநியூட்டன்-மீட்டருக்கு மேல் திருப்புவிசை வரும். ஆறு கம்பிக்கும், பெருங்காற்றுக்கும் அதைப் பெருக்கிப் பாருங்கள். அந்தச் சுமையைத் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கர் டவரிடம் விடுவதே புத்திசாலித்தனம். ஒரு கம்பி அறுந்தால் டவர் தாங்குமா என்று பார்க்கும் அறுந்த கம்பிச் சோதனை உயரமான டவருக்கும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். நான்கு டவரும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், உயரமான டவரில் கோணத் திருப்பம் வரக்கூடாது.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று பக்க ஸ்பான். ஆங்கர் டவரில் கம்பி 40 மீட்டர் உயரத்தில், பக்க ஸ்பான் 500 மீட்டர் என்று வையுங்கள். மட்ட வித்தியாசம் 118 மீட்டர். இங்கே வளைவின் தாழ்ந்த புள்ளி ஸ்பானுக்குள்ளேயே விழாது, ஆங்கர் டவரைத் தாண்டி ஏறத்தாழ 390 மீட்டர் அப்பால் போய் விழும். அதாவது கம்பி அந்த டவரைக் கீழே அழுத்தாது, மேலே இழுக்கும், ஒரு கம்பிக்கு 5.8 கிலோநியூட்டன் வரை. சாதாரண ஆங்கர் டவர் வரைபடத்தை அப்படியே எடுத்துப் போட்டால் கிராஸ் ஆர்ம் தலைகீழ்ச் சுமைக்குச் சோதிக்கப்படாமலே போகும். பக்க ஸ்பானை நீட்டினால் இது குறையும்.

7. காற்று: சாய்வும் அதிர்வும்

பலத்த காற்றில் கம்பி 30 பாகை சாய்ந்தால், ஸ்பான் நடுவில் அது 52 மீட்டர் பக்கவாட்டில் போகும். புயல் காற்றில் சாய்வு 60 பாகையைத் தாண்டும், நகர்வு 90 மீட்டருக்கு மேல். பக்கத்தில் பாலமோ இன்னொரு லைனோ இருந்தால் இந்த எண்ணை வைத்துத்தான் தூரம் விட வேண்டும். ஃபேஸ் கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரமும் இதைச் சார்ந்தது. எல்லாக் கம்பியும் ஒன்றாகவே சாயும் என்று நம்பிவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து மெல்லிய காற்றில்தான். நீர்ப்பரப்பின் மேல் காற்று தடையில்லாமல் சீராக வரும். சீரான காற்று கம்பியின் பின்னால் ஒழுங்கான சுழல்களை உதிர்த்து அதை அதிர வைக்கும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 30 மில்லிமீட்டர் கம்பி வினாடிக்குச் சுமார் 31 முறை அதிரும். கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் வாயில் இழைகள் களைத்து, உள்ளே ஒவ்வொன்றாக முறியும். வெளியே எதுவும் தெரியாது. அதிர்வை அடக்கக் கம்பியில் மாட்டும் ஸ்டாக்பிரிட்ஜ் டாம்பர்களைச் சாதாரண ஸ்பானுக்கான அட்டவணையிலிருந்து எண்ணி வைத்தால் போதாது. நீண்ட ஸ்பானுக்குக் கூடுதல் எண்ணிக்கையில், வெவ்வேறு தூரத்தில் வைக்க வேண்டும், கம்பித் துண்டால் ஆன தொங்கு டாம்பரும் சேரலாம். தயாரிப்பாளரிடம் அந்தக் கம்பிக்கே ஆய்வு கேளுங்கள்.

டவரைப் பொறுத்தவரை, உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். வட்டக் குழாய் உறுப்புகள் கோண இரும்பைவிடக் காற்றைக் குறைவாகப் பிடிக்கும், மிக உயரமான டவர்கள் குழாய்க்கு மாறுவதற்கு இது ஒரு காரணம்.

8. அஸ்திவாரம்

டவரின் இரண்டு கால் அழுந்தும்போது மற்ற இரண்டு கால் பிடுங்கப்படும். பல மண்ணில் பிடுங்கும் சுமையே பைலின் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) நீளத்தை முடிவு செய்யும். ஆற்றுப் பக்கத்தில், வெள்ளத்தில் அரிக்கப்படக்கூடிய ஆழம் வரை மண் இல்லவே இல்லை என்று வைத்துத்தான் பைலின் பிடிமானத்தை எண்ண வேண்டும். இன்று போரில் தெரிந்த மண்ணை முழுதாக எண்ணுவது அடிக்கடி பார்க்கும் பிழை. பைல் தலைப்பை வெள்ள மட்டத்துக்கு மேலே வையுங்கள், மிதந்து வரும் மரங்கள் எஃகில் மோதாமல் இருக்கும். ஒவ்வொரு டவர் இடத்திலும் சோதனைப் பைல் ஒன்றையாவது இழுத்துப் பார்க்காமல் மற்றவற்றைப் போடாதீர்கள்.

9. விளக்கு, கோளம், மின்னல்

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, கம்பி தாங்கும் உயர டவர்களின் பளிச்சிடும் வெள்ளை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியக்கூடாது. முதலில் நடுவிளக்கு, அடுத்து உச்சி, கடைசியாகக் கீழ்விளக்கு. இங்கே கம்பி இருக்கிறது என்று விமானிக்குச் சொல்வது அந்த வரிசைதான். மின்பணியாளர் மூன்றையும் ஒரே கன்ட்ரோலரில் ஒன்றாக எரியவிட்டுப் போய்விடுவார், சரிபாருங்கள். கோளங்கள் குறைந்தது 60 சென்டிமீட்டர் விட்டம், அந்த அளவுக்கு 30 மீட்டருக்கு ஒன்று.

உயரமான டவரில் மின்னல் அதிகம் விழும். விழுந்த அலை 150 மீட்டர் கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்பி வர ஒரு மைக்ரோவினாடி ஆகும், அதுவரை உச்சியில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். எர்த் ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தாலும் அந்த நேரம் மாறாது. அதனால் இன்சுலேட்டர் சரத்தின் நீளத்தைக் கூட்டியாக வேண்டும்.

10. கம்பி இழுப்பு

கம்பி நீரைத் தொடாமல், இழுவிசையிலேயே கடக்க வேண்டும். முதலில் ட்ரோனோ படகோ ஹெலிகாப்டரோ மெல்லிய வழிக் கயிற்றைக் கடத்தும். அதைப் பிடித்துத் தடித்த கயிறு, பிறகு எஃகுக் கயிறு, கடைசியில் கண்டக்டர். படகில் கடத்தினால் கப்பல் போக்குவரத்தை நிறுத்தும் நேர அனுமதி முன்பே வேண்டும். கயிறு உயரத்துக்கு ஏறிய பிறகு கப்பல் போகலாம்.

உயரமான டவரின் கப்பியைப் பாருங்கள். ஆற்றுப் பக்கம் கம்பி 15 பாகை சரிந்தும், பக்க ஸ்பானில் 18 பாகை சரிந்தும் இறங்குகிறது. ஆக ஒரே கப்பியில் 33 பாகை மடிப்பு. ஒற்றைக் கப்பி உள் இழைகளை நசுக்கும். அடுத்தடுத்து இரண்டு கப்பி வைத்தால் மடிப்பு பாதியாகப் பிரியும்.

தொய்வு வைக்கும் வேலையைக் காற்றடங்கிய அதிகாலையில் செய்யுங்கள். வெயிலில் கம்பியின் சூடு காற்றின் சூட்டைவிடக் கூடும். ஆகவே அதே கம்பியின் துண்டு ஒன்றில் வெப்பமானியைச் செருகி, டவர் உயரத்தில் தொங்கவிட்டு அதையே படியுங்கள். அளவை டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) எடுங்கள்.

கைச் சோதனை ஒன்றும் உண்டு. கப்பிக்குப் பக்கத்தில் கம்பியைக் கயிற்றால் ஒரு தட்டு தட்டினால், அலை எதிர்க்கரை போய்த் திரும்பி வரும், கையில் உதைப்பாகத் தெரியும். ஒரு திரும்பலின் நேரத்தை வினாடியில் வர்க்கப்படுத்தி 0.307-ஆல் பெருக்கினால் மீட்டரில் தொய்வு. நம் கம்பிக்கு ஒரு திரும்பல் 18.4 வினாடி, மூன்று திரும்பல் 55 வினாடி. பெரிய தொய்வில் இது தோராயம்தான். ஆனால் டோட்டல் ஸ்டேஷனில் யாராவது தவறான குறியைப் பார்த்திருந்தால், ஸ்டாப்வாட்ச் உடனே காட்டிக்கொடுக்கும்.

கம்பி கப்பியில் நாள்கணக்கில் கிடக்கக்கூடாது. கிளாம்ப் போட்ட அன்றே, அடுத்த காற்று வருமுன், டாம்பரையும் போட்டுவிடுங்கள். டாம்பர் இன்னும் வரவில்லை என்று ஒரு வாரம் விடுவது இழை முறிவுக்கு நேரான வழி.

11. மின்சாரம் ஏறிய பிறகு

ஒப்படைக்கும் நாளில் எடுத்த தொய்வு, கம்பியின் வெப்பநிலை, டவர் உச்சியின் நேர்நிலை, ஆற்றுப்படுகை மட்டம் நான்கையும் ஒரே தாளில் பதியுங்கள். முதலாண்டு முடிவில் தொய்வை மறுபடி எடுத்து, கணக்கில் விட்ட 2 மீட்டர் நீட்சியில் எவ்வளவு தீர்ந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளத்தின்போதும் டவரடியில் படுகையை அளக்க வேண்டும், நீர் வடிந்தபின் அல்ல, வடியும்போதே. வெள்ளம் தோண்டிய குழியை இறங்கும் நீர் மணலால் மூடிவிடும், பிறகு அளந்தால் எதுவும் நடக்காதது போல் இருக்கும். கப்பல் உயரத்தை நீர்வழி நிர்வாகம் மாற்றினால் உங்களுக்குத் தகவல் வரும்படி ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.